பதினோரு பேருக்கு ஒரே நைனா

பிரபாவதிக்கு எதையும் மூன்று முறை சரிபார்த்தால்தான் மனசு ஆறும். கடையைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் ஆடிப் பரணியன்று காலை பத்தே முக்காலுக்கு அந்த போன் வந்தது.

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிகள் ஓடும் தெரு ஒன்றின் முனையில், ஒரு ஜெராக்ஸ் கடையின் முன்பாதியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு மேசை, ஒரு லேப்டாப், விரல் வைக்கிற சின்ன மிஷின், சுவரில் வங்கியின் பெயர் போட்ட நீல அட்டை. அவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். வங்கிக் கிளை இருப்பது திருத்தணியில். பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் அரை நாள் ஓடிவிடும். அரை நாள் தறி நின்றால் அரை நாள் கூலி போச்சு. அதனாலேயே தெருவில் பாதிப் பேர் வங்கி வாசலை மிதித்ததில்லை. அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் வங்கி அவளை முகவராகப் போட்டிருந்தது. தெருவில் அவளுக்கு 'மிஷின் அக்கா' என்று பெயர்.

முதல் ஆறு மாதம் ஈ ஓட்டினாள். வந்தவர்களும் முதியோர் பணம் எடுக்க வந்தார்களே தவிர, புதுக் கணக்குத் தொடங்க யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. போன வாரம்தான் கதவு திறந்த மாதிரி பதினோரு பேர் ஒன்றாக வந்தார்கள். எல்லாருக்கும் பதினெட்டிலிருந்து இருபது வயது. எல்லாருக்கும் வாழ்க்கையில் முதல் கணக்கு. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அவள் மூன்று முறை படித்தாள். பெயரில் எழுத்து சரியா, பின்கோடு சரியா, போன் நம்பர் சரியா. எல்லாம் சரி. அனுப்பிவிட்டு அன்றைக்கு வீட்டில் கேசரி கிளறினாள்.

"பிரபாவதிங்களா? குணசேகரன் பேசுதேன், பிராஞ்ச்ல இருந்து."

குணசேகரன் கிளைக்குப் புது அதிகாரி. திருநெல்வேலிப் பக்கம். மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"சொல்லுங்க சார்."

"போன வாரம் பதினோரு அக்கவுண்டு அனுப்பிருக்கீங்க. பதினோரு பேருக்கும் அப்பா பேரு நைனான்னு போட்டிருக்கு."

பிரபாவதி லேப்டாப்பைப் பார்த்தாள். "ஆங், சார்."

"யாரும்மா அந்த நைனா? பதினோரு பிள்ளைங்க. அதுல ஆறு பேருக்கு ஒரே வயசு."

அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சார், நைனான்னா அப்பா சார்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். அப்பா, நைனா."

"இல்ல சார். அப்பாதான் நைனா."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"ஆங் சார், ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் பிரபாவதி, மனுஷர் பிடித்துக்கொண்டார் என்ற நிம்மதியில்.

"அப்ப ஒத்துக்கிடுதீங்க."

"இன்னாத்த சார்?"

"எங்க ஊர்ல நைனா முகமதுன்னு என்கூடப் படிச்சவன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கே ரெண்டு பிள்ளைங்கதான். இங்க ஒரு ஆளுக்குப் பதினொண்ணு. ஒரே தெரு, ஒரே அப்பா, ஒரே நாள். போலி அக்கவுண்டுக்கு இதுதான் அடையாளம்னு மேலிடத்துல இருந்து லிஸ்ட் போட்டு அனுப்பிருக்காங்க. நாலு மணிக்குள்ள நான் பதில் சொல்லணும். அந்த நைனாவ நேர்ல கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா பதினொண்ணும் கேன்சல். உங்க ஐ.டி.யும் லாக் ஆயிரும், பாத்துக்கிடுங்க."

"சார், சார், நைனான்னா..."

போன் துண்டிக்கப்பட்டது. அவள் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடிக்கவே இல்லை. பரணிக்கும் மறுநாள் கிருத்திகைக்கும் லட்சம் பேர் கூடுகிற ஊரில் டவரும் மூச்சுத் திணறும். மூன்று முறை முயன்றுவிட்டு போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு பதினோரு ஆதார் நகல்களையும் எடுத்து வரிசையாகப் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் முகவரிக்கு மேலே ஆங்கிலத்தில் அதே வரி. கேர் ஆஃப், நைனா.

எப்படி வந்தது என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம் போட்டார்கள். படம் பிடிக்க வந்தவர்கள் எங்கிருந்தோ வந்த வெளியூர்க்காரர்கள். ஆறு, ஏழு, எட்டு வயசுப் பிள்ளைகளை வரிசையாக ஸ்டூலில் உட்கார வைத்து, "அப்பா பேரு என்ன?" என்று கேட்டிருப்பார்கள். ஆந்திரா எல்லை ஊர். வீட்டில் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. பிள்ளைக்கு அப்பா என்றால் நைனா. கேட்டதற்குப் பிள்ளை சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. வந்தவரும் கேட்டதைச் சரியாகத்தான் தட்டியிருக்கிறார். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியை வீட்டில் ஒருவரும் எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை.

அவர்கள் படிக்கவில்லை, சரி. அவள் படித்தாளே. பதினோரு தாளையும் மும்மூன்று முறை, ஆக முப்பத்துமூன்று முறை. அவளும் தன் அப்பாவை நைனா என்று கூப்பிட்டு வளர்ந்தவள்தான். 'கேர் ஆஃப் நைனா' என்று கண்ணில் பட்டபோதெல்லாம், அப்பாதானே, சரிதானே என்று மனசு தாண்டிப் போயிருக்கிறது. 'இந்த லட்சணத்துல உனக்கு ஒரு மேசை, ஒரு மிஷின்' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஐ.டி. பூட்டப்பட்டால் மிஷின் வெறும் டப்பா. இந்தத் தெருவும் பழையபடி அரை நாள் கூலியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

"அக்கா, பாஸ்புக்கு வந்துச்சா?"

வாசலில் காஞ்சனா நின்றிருந்தாள். பதினோரு பேரில் ஒருத்தி. ஒரு லுங்கி மொத்தக் கடையில் மடித்துப் பெட்டி போடுகிற வேலை. சம்பளத்தைக் கடைக்காரர் வங்கியில்தான் போடுவார். அவளுக்குக் கணக்கு இல்லாததால் அது அக்கா புருஷன் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. மாசா மாசம் ஐந்தாம் தேதி பாவா முன்னால் போய் நின்று, என் துட்டைக் கொடுங்க என்று கேட்க வேண்டும். பாவா கெட்டவர் இல்லை. ஆனால் "எதுக்கும்மா உனுக்கு இப்போ?" என்று ஒரு கேள்வி கேட்காமல் கொடுக்க மாட்டார். அந்த ஒரு கேள்விதான் அவளுக்கு ஆகாது.

பிரபாவதி நடந்ததைச் சொன்னாள். காஞ்சனா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ நாங்க பதினோரு பேரும் கூடப் பொறந்தவங்களா? அம்முவோட அண்ணன் ஆகாஷ் ஒரு மாசமா என்னப் பாத்து சிரிச்சினு கிறான். இன்னிக்கே ராக்கி கட்டிடறேன்."

"சிரிக்காத காஞ்சனா. நாலு மணிக்குள்ள நைனாவ இட்னு வரலன்னா எல்லாமே கேன்சல்."

"கேன்சல்னா?"

"பாஸ்புக்கு வராது. நானும் இங்க இருக்க மாட்டேன்."

காஞ்சனாவின் சிரிப்பு நின்றது. அஞ்சாம் தேதி, பாவா, எதுக்கும்மா உனுக்கு. மூன்றும் அவள் முகத்தில் வரிசையாக வந்து போயின. மேசைமேல் பரப்பியிருந்த பதினோரு தாள்களையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"நைனாவ இட்னு வாங்கன்னு அவருதான சொன்னாரு?"

"ஆங்."

"இட்னு போலாம்கா. எல்லா நைனாவையும்."

பிரபாவதி அவளையே பார்த்தாள். பிறகு ஒரு தாளை இழுத்து, கோடு போட்டு, பதினோரு பெயரையும் இடதுபக்கம் எழுதினாள். வலதுபக்கம் அவரவர் அப்பா பெயர். அம்முவும் ஆகாஷும் ஒரு வீடு. இன்னொரு வீட்டிலும் இரண்டு பேர். ஆக ஒன்பது நைனாக்கள். ஒன்பதாவது வரியில் பேனா நின்றது. அது காஞ்சனாவின் வரி. அவளுடைய நைனா இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

"எட்டு பேர இட்னு போங்கக்கா," என்றாள் காஞ்சனா. "என் ஸ்கூல் டி.சி.யில நைனா பேரு கீது. நான் அத எடுத்துகினு வரேன்."

சொல்லிவிட்டு ஓடினாள். அவள் நைனா என்று சொன்னதைக் கேட்டுப் பிரபாவதிக்குக் கொஞ்சம் வியப்பாகக்கூட இருந்தது. அவர் போனபிறகு அந்தச் சொல்லையே காஞ்சனா தொடுவதில்லை. முன்பெல்லாம் தோழிகளின் அப்பாக்களையும் நைனா என்றுதான் கூப்பிடுவாள், அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். நான்கு வருஷமாக அவளுக்கு மட்டும் எல்லாரும் மாமா.

மணி பதினொன்றே கால். பிரபாவதி கையில் தாளோடு தெருவில் இறங்கினாள்.

முதல் வீடு தணிகைமணியுடையது, அம்முவின் அப்பா. தெருவிலேயே வாய் நீளமான மனுஷர். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தியே பேசிப் பழகியதில் கோயிலுக்குள்ளும் கத்தித்தான் பேசுவார்.

"மாமா, தறிய நிறுத்துங்க. திருத்தணி போகணும்."

"பரணிக்கா? நாளைக்கித்தான கிருத்திக. நாளைக்கிப் போறேன்."

"சாமிக்கு இல்ல, பேங்குக்கு. அம்மு ஆதார்ல உங்க பேரு இல்ல மாமா."

தறி சட்டென்று நின்றது. "பின்ன யாரு பேரு கீது?"

"நைனான்னு கீது."

தணிகைமணி அவளை மேலும் கீழும் பார்த்தார். "அது நான்தான?"

அடுத்த வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும். அது நான்தானே, நான்தானே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் சொல்லச் சொல்ல, வீடு வீடாகத் தறிகள் நின்றுகொண்டே வந்தன. இருபத்துநாலு மணி நேரமும் தடதடக்கிற தெருவில் ஒரு பக்கமாக அமைதி பரவியது. இன்னா ஆச்சு, யாரு பூட்டாங்க என்று பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். யாரும் போகலை, எல்லாரும் பேங்குக்குப் போறாங்க என்று தணிகைமணி தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார்.

"ஒவ்வொருத்தரும் ரேஷன் கார்டு எடுத்துக்குங்க," என்றாள் பிரபாவதி. "உங்க பேரும் புள்ள பேரும் ஒண்ணா இருக்கறது அதுலதான்."

ரேஷன் கார்டு தேடுவதற்குள் ஒரு மணி. ஒருவர் வீட்டில் அரிசி டப்பாவில் இருந்தது, ஒருவர் வீட்டில் மச்சினன் எடுத்துப் போயிருந்தான். அவனை விரட்டிப் பிடித்தார்கள். ஒன்றேகாலுக்கு நாகராஜனின் குட்டி யானை வண்டி தெருமுனையில் வந்து நின்றது. நாகராஜனும் ஒரு நைனாதான். லுங்கி மூட்டை ஏற்றுகிற அந்தக் குட்டி வண்டியில் மீதி ஏழு நைனாக்களும் மூட்டைகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்தார்கள். முன்னால் பிரபாவதியும், டி.சி.யை பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்தபடி காஞ்சனாவும். மற்ற பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"நைனாவக் கூட்டினு வான்னு சொன்னவருக்கு ஒரு வண்டி லோடு எடுத்துகினு போறோம்," என்றார் நாகராஜன் கியரைப் போட்டுக்கொண்டே. "ரசீது கேட்டு வாங்கு பிரபா."

வழியெல்லாம் மஞ்சள். மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை, தோளில் பூக்காவடி. ஆந்திராப் பக்கமிருந்து நடந்து வருகிற கூட்டமும் இந்தப் பக்கத்துக் கூட்டமும் ஒன்றாகக் கலந்து ரோடே ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வண்டி ஊர்ந்தது. பிரபாவதி இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை மணி பார்த்தாள். ஊர் எல்லையில் போலீஸ்காரர் தடுப்புக்கட்டையை இழுத்து விட்டார்.

"வண்டி உள்ள போகாது."

"சார், பேங்கு..." என்று பிரபாவதி இறங்கினாள்.

"பரணிக்கு பேங்கா? இத்தன பேரா?" மூட்டைமேல் இருந்தவர்களைப் பார்த்தார். "முதல்ல கீழ எறங்குங்க எல்லாரும். ஆளுங்கள மூட்டமேல ஏத்திகினு வந்ததுக்கே கேஸ் போடணும்."

இறங்கினார்கள். மணி இரண்டு நாற்பது. வங்கிக்கு இரண்டு கிலோமீட்டர். பிரபாவதி முன்னால் நடந்தாள், கையை உயரத் தூக்கி அந்தப் பட்டியல் தாளையே கொடி மாதிரி பிடித்துக்கொண்டு. பின்னால் எட்டு நைனாக்கள், கடைசியில் காஞ்சனா. பம்பை அடித்தது, உடுக்கை அடித்தது, அரோகரா என்ற சத்தம் மலை வரை போய்த் திரும்பி வந்தது. காவடி சுற்றுகிறவர்களுக்கு வழிவிட்டு, தேங்காய்க்கடை ஓரமாக ஒதுங்கி, மறுபடி உள்ளே புகுந்து, வியர்வையில் குளித்து நடந்தார்கள். பிரபாவதிக்குப் பயமாக இருந்தது, ஆனால் பயத்துக்குள் ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டும் இருந்தது. இத்தனை பேர் தறியை நிறுத்திவிட்டு அவள் பின்னால் வருகிறார்கள். அவளை நம்பி. அதை நினைத்ததும் கால் இன்னும் வேகமாகப் போயிற்று.

திருப்பத்தில் நின்று எண்ணினாள். ஏழு. மறுபடி எண்ணினாள். ஏழு. மூன்றாவது முறையும் ஏழு.

"தணிகைமணி மாமா எங்க?"

"மல தெரிஞ்சதும் கை கூப்பிகினே நின்னாரு," என்றார் நாகராஜன். "பத்தே நிமிஷம், ஏறி எறங்கிட்டு வந்துடறேன்னாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

முந்நூற்று அறுபத்தைந்து படி. பரணிக் கூட்டத்தில் பத்து நிமிஷமாம். மணி மூன்று ஐந்து. காஞ்சனா டி.சி.யை அவள் கையில் திணித்தாள்.

"நீங்க இங்கயே இருங்கக்கா."

சொன்ன கையோடு கூட்டத்துக்குள் மறைந்தாள். பத்து நிமிஷம் கழித்துத் தணிகைமணியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் இன்னொரு கையில் மோர் டம்ளர்.

"படி வரைக்கும்கூடப் போகலக்கா. மோர்ப் பந்தல்ல நின்னுகினு, யாரோ ஊத்துக்கோட்டைக்காரர்கிட்ட ஆதார் கதைய சொல்லிகினு இருந்தாரு."

"அவரு வூட்லயும் இதே கததானாம்," என்றார் தணிகைமணி, கொஞ்சமும் வெட்கமில்லாமல். "அவரு புள்ளைக்கும் அப்பா பேரு நைனாதான். நான்தான் விசாரிச்சேன்."

வங்கிக்குள் நுழைந்தபோது மணி மூன்றரை. ஏ.சி. காற்று முகத்தில் அடித்ததும் எட்டுப் பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு வங்கிக்குள் வருவது இதுதான் முதல் தடவை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள்.

குணசேகரன் மேசையிலிருந்து நிமிர்ந்தார். மெலிந்த மனுஷர், மூக்குக்கண்ணாடி. முகத்தில் கோபத்தைவிட அலுப்புத்தான் இருந்தது. "வாங்கம்மா. நைனா வந்தாச்சா?"

"வந்துட்டாங்க சார்."

"யாரு?"

எட்டுப் பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள்.

குணசேகரன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, ஒரு ஆளக் கூட்டிட்டு வரச் சொன்னா ஊரையே கூட்டிட்டு வந்திருக்கீங்க. இதுல நைனா யாரு?"

"நான்தாங்க," என்றார் தணிகைமணி.

"உங்க பேரு?"

"தணிகைமணி."

"பேரு தணிகைமணின்னா நைனா யாரு?"

"நான்தாங்க."

குணசேகரன் மூச்சை இழுத்துவிட்டு நாகராஜன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்க பேரு?"

"நாகராஜனுங்க."

"சரி. நைனா யாரு?"

"நானும்தாங்க."

"வெளையாடுதீங்களா?" குரல் முதல்முறையாக உயர்ந்தது. பணம் கட்டும் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு நாலு மணிக்கு மெயில் போகணும். நைனாங்கிறது ஒரு பேரு. பேருன்னா ஒரு ஆளு. எட்டு பேரக் கொண்டாந்து நிறுத்தி எல்லாரும் நான்தான் நான்தான்னா, நான் மேல என்னன்னு எழுதுவேன்?"

பிரபாவதி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து ஒத்திகை பார்த்தது ஒரே வாக்கியம்தான். நைனான்னா அப்பா. காலையில் போனில் சொன்னபோதே அது அவர் காதில் ஒரு ஆளின் பெயராகத்தான் விழுந்தது. இப்போது சொன்னாலும் அதேதான் நடக்கும். ரேஷன் கார்டுகளை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. சுவரில் மணி மூன்று முப்பத்தெட்டு.

காஞ்சனா அப்போது கதவோரம், காவலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எல்லாருடைய முதுகும் அவளுக்குத் தெரிந்தது. எட்டு முதுகு, எட்டுத் துண்டு. சாப்பாட்டு வேளைக்கு, தறிச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு போக அந்தத் தெருப் பெண்பிள்ளைகள் கூப்பிடுகிற குரல் ஒன்று உண்டு. அந்தக் குரலில், நான்கு வருஷமாக யாரையும் கூப்பிடாத சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"நைனா!"

எட்டு முதுகும் ஒரே நொடியில் திரும்பின. "இன்னாம்மா?" என்று எட்டுப் பேரும் கேட்டார்கள். பணம் கட்டும் வரிசையிலிருந்து மஞ்சள் வேட்டிக்காரர் ஒருவரும் திரும்பினார். ஆந்திராப் புத்தூர்க்காரரான காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். அவருக்கு இரண்டு மகள்கள்.

பணம் எண்ணிக்கொண்டிருந்த காசாளர் பாதியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

குணசேகரன் மெதுவாக உட்கார்ந்தார். காஞ்சனாவைப் பார்த்தார், எட்டுப் பேரையும் பார்த்தார், நின்றுகொண்டிருந்த தன் காவலாளியைப் பார்த்தார். "நீரும் நைனாவா?"

"அவுனு சார்," என்றார் காவலாளி. "வூட்ல அப்படித்தான்."

"அப்ப நைனான்னா..."

"அப்பா சார்," என்றாள் பிரபாவதி.

"ஒரு ஆளு இல்ல."

"இல்ல சார்."

"இத போன்லயே சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேன் சார்."

காலையில் அவள் சொன்னதைக் குணசேகரன் நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. உதட்டோரம் ஒரு துடிப்பு. பிறகு மனுஷர் தலையைக் குனிந்து, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தார். "நைனா முகமதுக்கு இன்னைக்கு போன் போட்டுச் சொல்லணும். கார்டக் கொடுங்க, சீக்கிரம்."

அதற்குப் பிறகு யாரும் நடக்கவில்லை, எல்லாரும் ஓடினார்கள். பிரபாவதி பட்டியலைப் படிக்க, குணசேகரன் ரேஷன் கார்டைப் பார்த்து அப்பா பெயரைத் திருத்தினார். பள்ளி முகாமில் உறவுச்சொல் பெயராகப் பதிவாகிவிட்டது, இன்னார் மகள், இன்னார் மகன் என்று ஒரு வரி விளக்கம். அதன்கீழ் ஒரு கையெழுத்து. பேனா ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தாவியது. பத்துப் பேர் முடிந்தது. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

"பதினொண்ணாவது, காஞ்சனா," என்று குணசேகரனே படித்தார். "உங்க நைனா யாரும்மா இதுல?"

"இதுல இல்ல சார். அவரு பூட்டாரு."

அவர் கை தட்டச்சுப் பலகையின் மேல் அப்படியே நின்றது. சற்றுமுன் நைனா என்று கூப்பிட்டவள் இவள்தான் என்று அவருக்கு இப்போது நினைவு வந்திருக்க வேண்டும். அவள் பிரபாவதி கையிலிருந்த டி.சி.யை வாங்கி, உறையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"சக்திவேல். சேத்து எழுதணும் சார், நடுவுல எடம் விடக் கூடாது."

"விடல," என்றார் அவர், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டே. "பாத்துக்கிடுங்க."

மூன்று ஐம்பத்தாறுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு போகவில்லை என்று சிவப்பாகச் சொன்னது. பரணிக் கூட்டத்துக்கு நெட்டும் நகரவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி சிவப்பு. எட்டு நைனாக்களும் மேசையைச் சுற்றி வந்து திரையைக் குனிந்து பார்த்தார்கள், தறியில் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி. தணிகைமணி முருகா என்றார், இந்தத் தடவை மெதுவாக.

"மூணாவது வாட்டி போவும் சார்," என்றாள் பிரபாவதி. எந்த தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. எதையும் மூன்று முறை செய்கிற பழக்கத்தில் வந்த சொல்.

மூன்று ஐம்பத்தொன்பது. வட்டம் சுற்றியது. பச்சை.

யாரோ துண்டை உதறித் தோளில் போட்டார்கள். நாகராஜன் காவலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஏன் என்று இருவருக்கும் தெரியாது. பிரபாவதி அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், வண்டியிலிருந்து இறங்கியபிறகு அப்போதுதான் உட்கார்ந்தாள்.

நாலேகாலுக்கு மேலிடத்துப் பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, நிறுத்திவைத்த கணக்குகள் விடுவிக்கப்பட்டன. குணசேகரன் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "உங்க ஐ.டி. அப்படியே இருக்கு. ஆனா ஒண்ணு. அடுத்த மாசம் நானே பொதட்டூர்பேட்ட வாரேன்," என்றார். "இன்னும் எத்தன நைனா இருக்காங்கன்னு தெரியணும்லா."

"நெறைய கீறாங்க சார். ஊத்துக்கோட்டையில ஒருத்தரு," என்று தொடங்கினார் தணிகைமணி. நாகராஜன் அவர் முழங்கையைக் கிள்ளினார்.

பாஸ்புக் அச்சிடும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. மற்ற பத்தும் நாளைக்கு, இந்தப் பெண்பிள்ளைதான் இங்கேயே நிற்கிறது என்று குணசேகரன் முதலில் அவளுடையதைப் போட்டார். காஞ்சனா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். முதல் பக்கத்தில் அவள் பெயர். அதற்குக் கீழே கணக்கு எண். அதற்கும் கீழே, தந்தை பெயர் என்ற இடத்தில், நடுவில் இடம் விடாமல், சக்திவேல்.

ஆதாரிலோ ரேஷன் கார்டிலோ அவளுக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் இல்லை. ஒன்றில் நைனா. மற்றதில், அவர் போனபிறகு நீக்கிவிட்டார்கள்.

அவள் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். அஞ்சாம் தேதி யார் முன்னாலும் போய் நிற்க வேண்டாம் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும், முகம் மெல்ல மெல்ல விரிந்தது. பிறகு பாஸ்புக்கைத் திறந்தபடியே நீட்டினாள்.

"பாருங்க நைனா," என்றாள்.

யாரைச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. எட்டுத் தலையும் ஒன்றாகக் குனிந்தன.